சின்ன விமானத்துக்கு ஏடிஎஸ்-பி பொருத்திய கதை

அமெரிக்காவில் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்வெளியிலும், பொதுவாக 10,000 அடிக்கு மேலேயும் பறக்க 2020 ஜனவரி 1 முதல் ஏடிஎஸ்-பி அவுட் (விமானம் தன் இடத்தைத் தானே ரேடியோவில் அறிவிக்கும் ஏற்பாடு) கட்டாயம். விதி என்னவோ 2010-லேயே வந்துவிட்டது. ஆனால் என்னைப் போல ஒற்றை என்ஜின் விமானம் வைத்திருக்கும் பலரும் விலை இறங்கட்டும் என்று காத்திருந்தோம், விலையும் இறங்கியது, அதற்குள் 2019 வந்துவிட்டதால் விமான மின்னணுக் கருவிகளைப் பொருத்தும் ஏவியானிக்ஸ் பட்டறைகளில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது.

ராடார் சுற்றிச் சுற்றித் தேடும். விமான நிலைய ராடார் ஏறக்குறைய 5 நொடிக்கு ஒருமுறையும், நெடுந்தூர ராடார் 12 நொடிக்கு ஒருமுறையும் நம்மைப் பார்க்கும். ஏடிஎஸ்-பியில் விமானமே ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தைத் தெரிந்துகொண்டு, நொடிக்கு ஒருமுறை தானாகவே அறிவித்துக்கொண்டு போகிறது. தரையில் அதைக் கேட்க ஒரு சின்ன ரேடியோ நிலையம் போதும். மெக்சிகோ வளைகுடாவில் நடுக்கடலில் ராடாரை எங்கே நடுவது? எண்ணெய் எடுக்கும் மேடைகளின் மேல் இந்த ரேடியோக்களை வைத்துச் சமாளித்துவிட்டார்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த அலைவரிசையில் அறிவிப்பது, 978-ஆ, 1090-ஆ என்பது. 978 மெகாஹெர்ட்ஸ் கருவி அமெரிக்காவுக்குள், அதுவும் 18,000 அடிக்குக் கீழேதான் செல்லுபடியாகும். 1090 உலகம் முழுக்கச் செல்லுபடியாகும், ஆனால் அதற்குப் பழைய டிரான்ஸ்பாண்டரை, அதாவது ராடார் கேட்கும்போது பதில் அனுப்பும் கருவியை, கழற்றிவிட்டுப் புதியது போட வேண்டும். என் டிரான்ஸ்பாண்டர் எப்படியும் கடைசி மூச்சில் இருந்ததால் 1090 எடுத்தேன். உங்கள் பழைய டிரான்ஸ்பாண்டர் நன்றாக வேலை செய்கிறது, எல்லை தாண்டவும் போவதில்லை என்றால் 978 போதும், கூடுதல் செலவு வீண்.

அடுத்தது ஜிபிஎஸ். டேப்லெட்டில் இருக்கும் ஜிபிஎஸ்ஸைக் காட்டி ஏமாற்ற முடியாது. இடத்தைச் சொல்வதோடு அந்த இடத்தை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கருவி சேர்த்து அனுப்ப வேண்டும். துல்லியம் 0.05 கடல் மைலுக்குள், அதாவது தொண்ணூற்றுச் சொச்சம் மீட்டருக்குள் இருக்க வேண்டும். நடைமுறையில் இதற்கு வாஸ் ஜிபிஎஸ்தான் (ஜிபிஎஸ் பிழைகளைத் திருத்தும் தகவலையும் செயற்கைக்கோளிலிருந்து வாங்கும் வகை) வழி, அதனால் கூரை மேல் ஒரு புது ஆன்டெனாவுக்கும் ஓட்டை போட்டார்கள்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ அப்போது ஒற்றை என்ஜின் விமானங்களுக்கு 500 டாலர் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மொத்தச் செலவு சில ஆயிரம் டாலர் என்பதால் இது பெரிய தொகை இல்லை, ஆனால் இதற்கு அவர்கள் வைத்த நிபந்தனைதான் உருப்படியான விஷயம்: பொருத்திய பிறகு விதி பொருந்தும் வான்வெளியில் குறைந்தது 30 நிமிடம் பறக்க வேண்டும், அதில் 10 நிமிடமாவது திரும்பி, ஏறி, இறங்கிக் காட்ட வேண்டும், பிறகு இணையத்தில் விமானத்தின் விவரங்களைக் கொடுத்து அந்தப் பறப்புக்கான செயல்திறன் ரிப்போர்ட்டை வாங்க வேண்டும். ரிப்போர்ட் இலவசம், மின்னஞ்சலில் வந்துவிடும்.

எனக்கு வந்த முதல் பதிலில் அன்று அப்படி ஒரு விமானத்தின் தரவே இல்லை என்று இருந்தது. அதாவது நான் பறக்கவே இல்லையாம்! கட்டுப்பாட்டாளர் முழு நேரமும் என்னோடு சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், ஏனென்றால் ராடாரில் என் புள்ளி தெரிந்துகொண்டே இருந்தது. கருவியின் அமைப்புத் திரையைத் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ஒரு 24 பிட் முகவரி உண்டு. பதிவுச் சான்றிதழில் அது 5-இல் தொடங்கும் எட்டு இலக்கமாக, ஆக்டல் முறையில் (0 முதல் 7 வரையான இலக்கங்களில்) அச்சாகியிருக்கும். என் கருவியோ அதையே A-இல் தொடங்கும் ஆறு எழுத்தாக, ஹெக்ஸ் முறையில் (0 முதல் 9, A முதல் F வரை) கேட்டது. பட்டறையில் யாரோ அதைப் பார்த்து அடிக்கும்போது நடுவில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான், நான் வேறு ஏதோ முகவரியில் பறந்துகொண்டிருந்தேன். திருத்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் மறுபடி பறக்க வேண்டியிருந்தது, பெட்ரோல் என் கணக்கு. இரண்டாவது ரிப்போர்ட்டில் சிவப்பு நிறத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அதை அச்செடுத்து லாக்புக்கோடு சேர்த்து வைத்தேன், 500 டாலரும் வந்து சேர்ந்தது.

ஆகவே விமானத்தை எடுக்கப் போகும்போது சான்றிதழைக் கையோடு கொண்டு போய், திரையில் இருக்கும் முகவரியையும் அழைப்புப் பெயரையும் நீங்களே ஒருமுறை ஒத்துப் பாருங்கள். பின்னாளில் டிரான்ஸ்பாண்டரில் யாராவது கை வைத்தாலும் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துவிடுங்கள்.

இந்த அறிவிப்புகளை விமானத்தில் வாங்கிக் காட்டும் ‘ஏடிஎஸ்-பி இன்’ கட்டாயமில்லை, ஆனாலும் வாங்கினேன். பக்கத்து விமானங்களும் வானிலையும் சந்தா இல்லாமல் டேப்லெட்டில் வந்துவிடுகின்றன. ஒன்று மட்டும், அதில் வரும் மழைப் படம் திரை காட்டும் நேரத்தைவிடப் பழையதாக இருக்கலாம். அதைப் பார்த்து இரண்டு இடி மேகங்களுக்கு நடுவே சந்து தேடிப் போகக் கூடாது. அப்புறம், நீங்கள் எங்கே போனீர்கள் என்பதை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம், அது பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

தரையிலுள்ள ரேடியோ நிலையங்களை வைத்து வழிகாட்டும் பழைய விஓஆர் கருவியைக் கழற்றி இடத்தை மிச்சப்படுத்தலாமா என்று பட்டறையில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஜிபிஎஸ் சமிக்ஞை குழம்பினால் வழிகாட்டலும் போகும், ஏடிஎஸ்-பியும் கூடவே போகும். எஃப்ஏஏவே அந்த நாளுக்காக விஓஆர் நிலையங்களில் ஒரு பகுதியை மூடாமல் வைத்திருக்கிறது.