அட்டை வேண்டாம், ஃப்ளை போதும்: ஈலிக்கு வடக்கே வால்ஐ வேட்டை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலக்காரர்களுக்கு வால்ஐ மீன் மேல் இருக்கும் பாசத்தை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். 1965-லிருந்து அதுதான் மாநில மீன். கனடா எல்லையோரம் பாடெட் என்ற ஊரில் 40 அடி நீளத்துக்கு அதற்குச் சிலை வைத்திருக்கிறார்கள். மில்லெ லாக்ஸ் ஏரிக்கரையில் கேரிசன் என்ற ஊரில் இன்னொரு சிலை. மே மாதம் சீசன் திறக்கும் சனிக்கிழமை கவர்னரே தூண்டிலோடு படகில் ஏறுவார். 1948-லிருந்து வரும் வழக்கம் இது. இப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு தூண்டில் கடைக்குள் போய், ஃப்ளை ராடை வைத்து வால்ஐ பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஈலி ஊர்க் கடைக்காரர் என்னை மரியாதையாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "எதற்கும் ஒரு டஜன் அட்டை போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார்.

ஆமாம், அட்டைதான். மலைக்காட்டில் காலில் ஏறினால் உப்பைப் போட்டு உதறுவோமே, அதன் உறவுக்கார இனம். ரத்தம் குடிக்காத வகை என்பது மட்டும் ஆறுதல். அதைக் குளிர்பெட்டியில் வைத்துக் காசுக்கு விற்கிறார்கள். ஈயத் தலை வைத்த ஜிக் முள்ளில் அட்டையைக் குத்தி, படகிலிருந்து நேர் கீழே இறக்கி, தரையைத் தொட்டதும் மெல்லத் தூக்கித் தூக்கி விடுவதுதான் இங்கே எல்லோரும் வால்ஐ பிடிக்கும் முறை. கடைக்காரர் சொன்னதில் தப்பே இல்லை.

ஃப்ளை ராட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரணத் தூண்டிலில் எடை ஈயக்குண்டிலோ இரையிலோ இருக்கும். அது பறக்கும், நரம்பு பின்னாலேயே போகும். ஃப்ளை ராடில் எடை முழுக்கத் தடித்த நரம்பிலேயே இருக்கிறது. முள்ளில் கட்டியிருப்பது கொஞ்சம் மான் வால் முடி, கொஞ்சம் மினுமினுப்பு இழை, அவ்வளவுதான். ஃப்ளை என்பது இதுதான். முன்னும் பின்னும் வீசி நரம்பை நீட்டினால் அது இந்த முடிக்கற்றையைக் கொண்டுபோய்ப் போடும். ஓடையில் மேல்மட்டத்தில் பூச்சி தின்னும் ட்ரௌட்டுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் வால்ஐ பகலில் இருபது முப்பது அடி ஆழத்தில் தரையோடு கிடக்கும் மீன். அங்கே இந்த முடியை இறக்குவதற்குள் பொழுது போய்விடும்.

அப்படியென்றால் எதற்கு இந்த வேலை? அதற்கு விடை மீனின் கண்ணில் இருக்கிறது. வால்ஐயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. பூனைக்கும் மாட்டுக்கும் இருக்கும் அதே ஏற்பாடு. மங்கிய வெளிச்சத்தில் அதற்குக் கண் தெரியும், அது துரத்தும் மஞ்சள் பெர்ச்சுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் பகல் வெளிச்சத்தில் ஆழத்துக்குப் போய்விட்டு, சூரியன் இறங்கியதும் சாப்பிடுவதற்காகக் கரையோரப் பாறைகளுக்கு ஏறி வரும். நாலடி, ஆறடி, எட்டடித் தண்ணீர். அந்த ஆழம் ஃப்ளை ராடுக்கு எட்டும். மீனைத் தேடி ஆழத்துக்குப் போகாமல், அது நம் ஆழத்துக்கு வரும்வரை காத்திருக்கத் தெரிந்தால் போதும். என் கட்சி இவ்வளவுதான்.

போன இடம் பவுண்டரி வாட்டர்ஸ். மினசோட்டாவின் வடகோடியில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் காடும் ஏரியுமாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளோடு விரிந்து கிடக்கும் பாதுகாக்கப்பட்ட வனம். மினியாபோலிஸிலிருந்து காரில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வழியில் வர்ஜீனியா என்ற சுரங்க ஊரில் பழைய இரும்புச் சுரங்கக் குழிக்கு மேல் 2017-ல் திறந்த பாலம் வருகிறது. இருநூறு அடி உயரம். கீழே எட்டிப் பார்த்தால் குழி முழுக்கப் பச்சைத் தண்ணீர். காபிக்கு நிறுத்த நல்ல சாக்கு.

கூட வந்தவர் தூத்துக்குடிக்காரர், என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணன். சீலாவும் ஊளியும் தின்று வளர்ந்தவர். நன்னீர் மீன் எதையும் மீன் கணக்கில் சேர்க்கமாட்டார். கனோ என்ற ஒடுங்கிய படகுக்குத் துடுப்பு போட நன்றாகத் தெரியும் என்பதால் அவருடைய மற்றக் கருத்துகளைச் சகித்துக்கொண்டேன்.

வனத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதை வாங்குவதற்கு முன் காட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வீடியோ போட்டுக் காட்டிக் கேள்வியும் கேட்கிறார்கள். டப்பா, கண்ணாடி பாட்டில் எதிலும் சாப்பாடு கொண்டுபோகக்கூடாது. அண்ணன் வீட்டு மாங்காய் ஊறுகாயைக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாக ஜிப் பைக்கு மாற்றினோம். எண்ணெய் கசியக்கூடாது என்று பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. கரடி இருக்கும் காடு என்பதால் சாப்பாட்டு மூட்டையை மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும், அல்லது கரடிக்குத் திறக்க வராத பெட்டியில் வைக்க வேண்டும். மாங்காய் ஊறுகாய்க்குக் கரடி என்ன சொல்லும் என்பது வழியெல்லாம் எங்கள் பேச்சாக இருந்தது.

ஃபால் ஏரியில் கனோவை இறக்கி, நியூட்டன் ஏரி வழியாக பாஸ்வுட் ஏரியின் பைப்ஸ்டோன் விரிகுடாவுக்குப் போனோம். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே அருவி இருப்பதால் கரையேறி, கனோவைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தோளில் சுமந்து அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த கெவ்லார் கனோ இருபது கிலோகூட இல்லை. கனத்தைவிடக் கொசுதான் தொல்லை. இரண்டு கையும் கனோவைப் பிடித்திருக்கும்போது கழுத்தில் உட்காரும் கொசுவை என்ன செய்ய முடியும்? இந்த வழியில் சின்ன மோட்டார் படகுகளுக்கும் அனுமதி உண்டு. வனத்தின் பெரும்பகுதியில் அது கிடையாது. தனிமைதான் வேண்டும் என்பவர்கள் வேறு வழியில் போகலாம்.

மத்தியானம் விரிகுடாவில் ஒரு மோட்டார் படகு ஆழத்தில் நின்று ஜிக் அடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வலை தண்ணீருக்குள் போய் வந்தது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அவனுவ அட்டையப் போட்டு அள்ளிட்டுப் போறானுவ. நாம மயிரக் கட்டி வச்சுக்கிட்டு வேடிக்க பாக்கோம்."

"எட்டு மணி ஆகட்டும்ணே."

"எட்டு மணிக்கு நான் சோறு வடிக்கணும்."

ஜூன் மாதத்தில் அங்கே ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும். எட்டு மணிக்குக் காற்று மேற்கிலிருந்து அடித்து ஏரியில் சின்ன அலை எழுந்தது. இந்த ஊரில் இதற்கு வால்ஐ சாப் என்றே பெயர். அலை வெளிச்சத்தை உடைத்துவிடுவதால் மீன் கொஞ்சம் முன்னதாகவே மேலே வரும். வலைப்பையில் பாறாங்கல் போட்டு நங்கூரமாக இறக்கி, நீரோட்டம் விரிகுடாவுக்குள் நுழையும் இடத்தில், கற்குவியலின் ஓரமாகக் கனோவை நிறுத்தினோம்.

ராட் ஒன்பதடி, எட்டாம் எண் கன நரம்புக்கானது. நரம்பு மூழ்கும் வகை, விநாடிக்கு ஆறு அங்குலம் இறங்கும். முனையில் தங்கூஸ் நரம்பு நாலடிதான். ட்ரௌட்டுக்குப் போல ஒன்பதடி கட்டினால் பெரிய நரம்பு கீழே போய்விடும், ஃப்ளை மேலேயே மிதந்துகொண்டிருக்கும். ஃப்ளை, க்ளௌசர் மின்னோ, கிளிப்பச்சையும் வெள்ளையும். பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்க பாப் க்ளௌசர் என்பவர் 1980-களில் கட்டியது. அதன் சூட்சுமம் முள்ளின் மேல்பக்கம் கட்டிய இரண்டு ஈயக் கண்கள். அந்தக் கனத்தில் முள் தலைகீழாகத் திரும்பி, கூர் மேலே பார்க்க நீந்தும். பாறைக்கு மேல் இழுத்தாலும் அவ்வளவாகச் சிக்காது. தண்ணீர் அங்கே சதுப்புநிலச் சாயம் ஏறிப் பழுப்பாக இருக்கும். அதில் கிளிப்பச்சைதான் எடுபடுகிறது.

வீசிவிட்டு எண்ண வேண்டும். பத்து எண்ணினால் ஐந்தடி. பிறகு இடது கையால் ஒரு சாண் இழுப்பு, நிறுத்தம். மறுபடி ஒரு சாண். நிறுத்தம்தான் முக்கியம், ஏனென்றால் ஈயக் கண் அப்போதுதான் மூக்குக் குப்புற விழும், மீனும் பெரும்பாலும் அப்போதுதான் எடுக்கும். ட்ரௌட் வேகத்துக்கு இழுத்தால் கூர்ப்பல் பைக் மீன்தான் வரும். வந்தது. ஒரே வெட்டில் ஃப்ளையோடு போனது. அடுத்து ஒரு ஸ்மால்மவுத், மூன்று முறை துள்ளி அண்ணனைக் குளிப்பாட்டியது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நான் வீசும்போது ஈயக் கண் தன் தொப்பியைத் தட்டிக்கொண்டு போகிறது என்று அண்ணன் புகார் சொன்னார். உட்கார்ந்தபடி மூழ்கும் நரம்பை வீசும்போது இது சகஜம். தொப்பி இல்லாமல் யாரும் கூட வரவேண்டாம்.

வால்ஐ எடுப்பதை இடி என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். கொடியில் காயும் ஈரவேட்டியில் விரல் பட்டதுபோல ஒரு கனம், அவ்வளவே. இழுத்த சாண் முடியும் இடத்தில் நரம்பு லேசாகக் கூடுதல் எடை காட்டியது. ராடைத் தூக்காமல், இடது கையால் நீளமாக இன்னொரு இழுப்பு. கீழே எதுவோ தலையை இடமும் வலமுமாக மெதுவாக, கோபமே இல்லாமல் ஆட்டியது. துள்ளாது, ஓடாது, தரையை விட மறுத்துக்கொண்டே வரும். மேலே வரும்போது முதலில் கண்ணில் பட்டது வாலின் கீழ்நுனியில் இருக்கும் வெள்ளைப் புள்ளி. அடுத்து மஞ்சள் கலந்த பித்தளை நிற விலா. ஹெட்லாம்ப் பட்டதும் இரண்டு கண்ணும் பால்போல வெளுத்துப் பற்றி எரிந்தன.

கையில் பிடிப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. முதல் முதுகுத் துடுப்பு முழுக்க முள், செவுள் மூடியின் ஓரம் பிளேடு, வாய்க்குள் ஊசிப் பற்கள். துடுப்பை முன்னாலிருந்து பின்னாலே தடவி மடக்கிவிட்டு, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். பதினேழு அங்குலம். பைக் குடும்பம் என்று நினைப்பவர்கள் உண்டு. இது பெர்ச் குடும்பத்து மீன். அந்த முள் துடுப்பைப் பார்த்தாலே தெரியும்.

அதற்குப் பிறகு இருட்டும் வரை வீசிய இடமெல்லாம் கனம் கனமாக வந்தது. அண்ணனும் ராடை வாங்கி வீசினார். நரம்பு அழகாக நீளவில்லை, பாதியில் குவியலாக விழுந்தது. ஆனாலும் அது மூழ்கியது, மீனும் எடுத்தது. இதனால்தான் மூழ்கும் நரம்பு எனக்குப் பிடிக்கும். நளினம் பார்க்காது.

மறுநாள் மத்தியானம் அதே கற்குவியலில் வீசினேன். தண்ணீர் அலையே இல்லாமல் கிடக்க, வெயில் நேராக இறங்கியது. ஒரு மீனும் இல்லை. மோட்டார் படகு தூரத்தில் ஆழத்தில் நின்று வலையை நனைத்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் அட்டையும் ஜிக்கும் வாங்கிவிடுங்கள், அதில் எனக்கு விவாதமே இல்லை. ஆனால் பாறை இடுக்கில், நாலடித் தண்ணீரில், மாலை வெளிச்சம் போகும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் க்ளௌசரை அட்டை ஜெயிக்கும் என்று நான் நம்பவில்லை.

சமையல் அண்ணன் பொறுப்பு. முகாமில் வனத்துறை வைத்த இரும்புத் தட்டி அடுப்பு உண்டு. சதையைத் தோலிலிருந்து உரித்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு தடவி வாணலியில் போட்டார். உள்ளூர்க்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி கன்னச் சதையையும் தனியாகக் கத்திமுனையில் தோண்டியெடுத்தோம். சோழி அளவுதான் இருக்கும், மீனிலேயே ருசியான இடம். குடல், தலையெல்லாம் கரையிலிருந்து தள்ளிக் காட்டுக்குள் புதைத்துவிட வேண்டும். அண்ணன் முதல் துண்டை ஊறுகாயோடு மென்றுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மீன் வாடையே இல்லியே தம்பி. இது என்ன மீனு?"

இரண்டாவது வாணலியும் காலியானது.

போக நினைப்பவர்களுக்கு: மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரையும், மறுபடி செப்டம்பரிலும் மீன் கரையோரம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஆழத்துக்குப் போய்விடும், ஃப்ளை ராடை வீட்டில் வைத்துவிடலாம். எல்லை தாண்டிக் கனடாப் பக்கம் க்வெட்டிகோ பூங்காவுக்குப் போனால் உயிர் இரையே கூடாது, முள்ளில் கொக்கிப்பல்லும் இருக்கக்கூடாது. ஃப்ளைக்காரர்களுக்கு அது சிரமமே இல்லை. பவுண்டரி வாட்டர்ஸில் மே முதல் செப்டம்பர் வரை தங்குவதற்கு அனுமதிச் சீட்டு எண்ணிக்கைக் கணக்கில்தான் கிடைக்கும். முன்பதிவு ஜனவரி கடைசிப் புதன்கிழமை காலையில் திறக்கிறது. ஃபால் ஏரி நுழைவு எண் 24.