ஒரே நோய், இரண்டு புத்தகங்கள், கூடவே ஒரு மேனுவல்

மு.வ.வின் 'அகல் விளக்கு' நாவல் என்றதும் பலருக்கும் சந்திரன் கெட்டுப்போன கதைதான் நினைவுக்கு வரும். இப்போது படித்தால் வாலாஜாவும் பாலாறும்தான் முதலில் பிடித்து நிறுத்துகின்றன. வாலாஜா பக்கத்து வேலம் மு.வ.வின் ஊர். அதனால் ஊரைச் சொல்லும் பக்கங்களில் இரவல் வாடையே இல்லை. 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் இது. ஒரு குறை, உரையாடல்கள் அடிக்கடி மேடைப் பேச்சாகிவிடுகின்றன. பாத்திரத்தை ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஆசிரியரே அறிவுரை சொல்ல ஆரம்பிக்கிறார். அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டினாலும் கதை கையை விட்டுப் போகாது.

அழகும் அறிவும் இருந்தும் மனத்தை அடக்கத் தெரியாத சந்திரன் கடைசியில் தொழுநோய்க்கு ஆளாகிறான். நடத்தைக்குக் கிடைத்த தண்டனை மாதிரியே நோய் வந்து நிற்கிறது. நம் பக்கத்தில் 'பெரிய வியாதி' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அந்தப் பார்வைதான் இதுவும். நாவலை இங்கே மூடிவிட்டு, தொழுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் எழுதியதைத் திறக்க வேண்டும்.

கொல்லிமலையில் பிறந்த பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர். பிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதிய 'பெயின்: தி கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்' 1993இல் வெளிவந்தது. தன்வரலாறுதான், ஆனால் துப்பறியும் கதையின் வேகத்தில் ஓடுகிறது. தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குட்டையாகின்றன என்பதுதான் துப்பு துலக்க வேண்டிய கேள்வி. சதை அழுகி உதிர்கிறது என்றுதான் மருத்துவர்களே நம்பியிருந்தார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பிவிடுகிறான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. விடை அங்கிருந்து விரிகிறது. கிருமி நரம்பைக் கெடுக்கிறது. உணர்ச்சி போகிறது. வலி தெரியாததால் அடுப்பும் ஆணியும் செருப்பும் புண் உண்டாக்குகின்றன. அந்தப் புண்ணில் சீழ் வைத்து, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ராத்திரியில் விரல் நுனி காணாமல் போனதற்குக் காரணம் எலி. தூங்குகிறவருக்குக் கடி உறைக்கவில்லை. மருந்தோடு மருந்தாக வீட்டுக்கு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.

அறுவைச் சிகிச்சைப் பகுதியை அவசரப்படாமல் படிக்க வேண்டும். முழங்கை போல நரம்பு தோலுக்கு அருகில், குளிர்ச்சியாக இருக்கும் இடங்களில்தான் கிருமிக்குக் கொண்டாட்டம். அங்கே நரம்பு வீங்கி நசுங்குவதால் கையின் சிறு தசைகள் செத்து, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிவிடுகின்றன. ஆனால் முன்கையின் மேல்பகுதித் தசைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. நல்ல தசை ஒன்றின் தசைநாரை விரலுக்கு மாற்றித் தைத்தால் விரல் நிமிரும். அதை எப்படி அசைப்பது என்று மூளைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டும். உணர்ச்சி மட்டும் திரும்பாது. அதனால் பழுதுபார்த்த கையிலேயே மறுபடி புண் வரும். செருப்பு, கரண்டிப் பிடி, தினமும் கையைப் பார்க்கும் பழக்கம் எல்லாம் அறுவைக்குச் சமமான சிகிச்சை ஆகின்றன. சரிசெய்த கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, பழைய நோயாளி என்று யாரும் வேலையும் தருவதில்லை என்று நோயாளிகள் வந்து நிற்கும் இடம்தான் புத்தகத்திலேயே கனமானது. தச்சுப் பட்டறை அப்படித்தான் தொடங்குகிறது. அமெரிக்காவுக்குப் போன பிறகு வரும் அத்தியாயங்களில் உபதேசம் கொஞ்சம் தூக்கல். ஆனால் செயற்கை வலியை உண்டாக்கும் கையுறை செய்து தோற்ற கதையைத் தவறவிடக் கூடாது. எச்சரிக்கை மணி அடித்தாலும், அவசரமான வேலை இருந்தால் மனிதன் அதை அணைத்துவிடுகிறான்!

வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி 1955இல் திறந்தது. வாலாஜாவுக்கும் அதற்கும் அப்படி ஒன்றும் தூரமில்லை. நாவல் பழிபோட்ட நோய்க்குப் பக்கத்து ஊரிலேயே காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் உறைக்கிறது. நாவலை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. அக்காலத்து வீடுகள் அந்த நோயை எப்படிப் பார்த்தன என்பதற்குப் பிராண்டைவிட மு.வ.தான் நெருக்கமான சாட்சி.

மூன்றாவது, அதே வட்டாரம்தான், ஆனால் முழுக்க வேறு வகை: ஆர்தர் காக்ஸ் தொகுத்து 1881இல் வந்த வட ஆற்காடு மாவட்ட மேனுவல், அதாவது ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவரத் தொகுப்பு. ஸ்டூவர்ட் திருத்திய பதிப்பு 1895இல் வந்தது. கிடைத்தால் அதையே எடுங்கள். இதை அட்டை முதல் அட்டை வரை படிக்க முயன்றால் தூக்கம்தான் வரும். ஒரு தாலுகாவைப் பிடித்துக்கொண்டு ஏரி, ஆறு, பாசனம் என்று போனால் சுவை பிடிபடும். 'அகல் விளக்கு' படித்த கையோடு பாலாற்று அணைக்கட்டைத் தேடலாம். வாலாஜா பக்கத்தில் 1858இல் கட்டியது. காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்கெல்லாம் தண்ணீர் பிரிவது அங்கிருந்துதான். கதையில் பின்னணியாக வரும் ஆறு இதில் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கிடக்கிறது.

மேனுவலில் இடறும் இடங்கள் சில உண்டு. அதில் உள்ள வட ஆற்காடு இப்போதைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் அல்ல. தலைநகரம் சித்தூர், சந்திரகிரியும் பலமனேரியும் உள்ளே, திருப்பத்தூர் வெளியே, சேலத்தில். 1911இல்தான் எல்லை மாறியது. ஆகவே மாவட்ட மொத்தத்தை இன்றைய எண்ணோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும். தாலுகாவோடு தாலுகாவை ஒப்பிட்டால் ஓரளவு தேறும். 1871க்கும் 1881க்கும் இடையில் மக்கள்தொகை குறைவது அச்சுப்பிழை இல்லை, நடுவில் 1876–78 பஞ்சம் இருக்கிறது. வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்; பசலி ஜூலையில் தொடங்குவதால் 1290 என்பது 1880–81. நில அளவான காணி 1.32 ஏக்கர். எடை அளவான மணங்கு 8 வீசை, அதாவது 11 கிலோவுக்குச் சற்று மேல். வடநாட்டு மணங்கு 37 கிலோ என்பதால், இரண்டையும் குழப்பிக்கொண்டால் விளைச்சல் மூன்று மடங்காகத் தெரியும்.