மாருதி 800 நாட்குறிப்பு: கியர்பாக்ஸ் மவுண்டிங்

2023 டிசம்பர் 30, சனி

பல்லாவரம் சிக்னலில் நின்றபோது, பின்னால் இருந்த லாரியின் நம்பரைக் கண்ணாடியில் படிக்க முடியவில்லை. கண்ணாடி அப்படி நடுங்குகிறது. நியூட்ரலில் போட்டாலும் கியர் லீவர் தன்பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. பச்சை விழுந்து கிளட்சை விட்டால் வண்டி மூன்று நான்கு தடவை உதறிவிட்டுத்தான் கிளம்புகிறது. கூடவே இடது பக்கம் ‘டொக்’கென்று ஒரு சத்தம். ரிவர்ஸில் அதே ‘டொக்’ இன்னும் பலமாகக் கேட்கிறது.

அப்பா 1998-ல் வாங்கிய வண்டி. கார்புரேட்டர், நாலு கியர். இந்த வருஷம்தான் 5,000 ரூபாய் கட்டி ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தோம். அதற்குள் கைவிட மனசில்லை.

போன வாரம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து, “கிளட்ச் பிளேட் போயிடுச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்” என்றார்கள். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. பிளேட் மாற்றி இரண்டு வருஷம்தான் ஆகிறது. கத்திப்பாரா பாலத்தில் நாலு பேரோடு மூன்றாவது கியரில் மிதித்தால் வண்டி இழுக்கிறது. பிளேட் தேய்ந்திருந்தால் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி ஏறாது. இது அது இல்லை.

டிசம்பர் 31, ஞாயிறு

காலையில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அப்பாவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். கைப்பிரேக்கை முழுசாக இழுத்து, பின் சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்தாயிற்று. மகளும் நானும் பக்கவாட்டில் நின்றுகொண்டோம். இந்தச் சோதனையில் வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கவே கூடாது. அப்பா முதல் கியரைப் போட்டு, பிரேக்கையும் மிதித்தபடி, கிளட்சைக் கொஞ்சமாக விட்டார். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கியது. ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் சாய்வது இயல்புதான். ஆனால் இடது பக்கம் கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங்கில், ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே வாய் திறந்து மூடியதை மகள் டார்ச் வெளிச்சத்தில் முதலில் பார்த்தாள். “அப்பா, அங்க பாருங்க, பேசுற மாதிரி இருக்கு.”

இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த இடுக்கில் பழைய பஸ் டிக்கெட் ஒன்றை நுழைத்தேன். முழுசாக உள்ளே போனது. இரும்போடு ஒட்டிப் பிறந்தது மாதிரி இருக்க வேண்டிய ரப்பர் அது. நகத்தால் கீறினால் தார் மாதிரி ஒட்டுகிறது. மேலே எங்கிருந்தோ எண்ணெய் சொட்டிச் சொட்டி ஊறிப்போயிருக்கிறது. இயற்கை ரப்பருக்கு ஆட்டத்தை வாங்கிக்கொள்வதில் ஈடில்லை, ஆனால் இன்ஜின் ஆயில் பட்டால் உப்பி, இளகி, பிடிப்பு விட்டுவிடும்.

உதறலுக்கும் விடை கிடைத்தது. கிளட்ச் கேபிளின் ஒரு முனை பெடலில், மறுமுனை கியர்பாக்ஸில். பெடல் பாடியோடு அசையாமல் நிற்கிறது, கியர்பாக்ஸோ மவுண்டிங் விட்டதால் முன்னும் பின்னும் ஆடுகிறது. அது ஆட ஆட கேபிள் இழுபட்டும் தளர்ந்தும் போகிறது. நான் சீராகக் காலை எடுத்தாலும் கிளட்ச் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுப் போகிறது. பிளேட்டின் மேல் பழி விழுந்தது இதனால்தான்.

2024 ஜனவரி 3, புதன்

வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. இது சும்மா ஒரு குறிப்பு.

போன மாசம் 14-ஆம் தேதியோடு மாருதி 800 வந்து நாற்பது வருஷம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தவர் இந்திரா காந்தி. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர். மூன்று சிலிண்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு மூன்று தடவை வெடிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில் நிமிஷத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு இருபத்திரண்டுக்கும் மேல். அது போதாதென்று, மூன்று பிஸ்டனின் இழுப்பும் ஒன்றுக்கொன்று சரியாக ஈடாகாமல், இன்ஜின் நீளவாக்கில் இரு முனையும் மாறி மாறித் தூக்கும். நாலு சிலிண்டர் வண்டியில் இந்த ஆட்டம் இல்லை. இத்தனையையும் ரப்பர் வாங்கிக்கொண்டுதான் நம் கைக்கு அனுப்புகிறது. குழந்தையைத் தூளியில் போட்ட மாதிரி இன்ஜினை ஏந்தியிருக்கிறது இந்த மவுண்டிங். இருபத்தைந்து வருஷமாக யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, நானும்தான்.

ஜனவரி 6, சனி

ஜி.பி. ரோடு போய் வந்தேன். ஸ்பேர்ஸ் என்றால் எனக்கு அந்தத் தெருதான். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: “நாலு கியரா, அஞ்சு கியரா?” இரண்டாவது: “எந்தப் பக்கம்?” படத்தைக் காட்டினேன். கம்பெனி டப்பா ஒன்றும் லோக்கல் ஒன்றும் எடுத்து வைத்தார். விலை கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று.

லோக்கல் சரக்கு எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் பார்க்க வேண்டியது ரப்பரும் இரும்பும் சேரும் விளிம்பு. கம்பெனிச் சரக்கில் ரப்பர் இரும்பின் மேல் மெல்லிசாகப் படர்ந்து முடிகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. மற்றதில் ஓரிடத்தில் விளிம்பு லேசாக எழும்பியிருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் கல் மாதிரி கெட்டி. கெட்டி ரப்பர் போட்டால் கியர்பாக்ஸ் ஆடாது, ஆனால் அத்தனை அதிர்வும் பாடிக்குப் போய்விடும். கம்பெனி டப்பாவையே வாங்கிக்கொண்டேன். புதுசு இரண்டு போல்ட், ஸ்பிரிங் வாஷர், ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்).

ஓ-ரிங் எதற்கென்றால், எண்ணெய் வரும் வழியைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில், கியர்பாக்ஸ் பக்க முனையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் இருக்கும் ஓ-ரிங் காய்ந்துவிட்டால் ஆயில் கசிந்து நேராகக் கியர்பாக்ஸ் மேல் இறங்கும். அதை விட்டுவிட்டு மவுண்டிங்கை மட்டும் மாற்றினால் புது ரப்பரும் இதே கதிக்குத்தான் போகும்.

ஜனவரி 7, ஞாயிறு

இன்று முடியவில்லை.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்ததும் கை போக இடம் கிடைத்தது. பஞ்சர் கடை அண்ணனிடம் வாங்கிவந்த டிராலி ஜாக்கியை முன்பக்கமாக உருட்டி, கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு தடித்த பலகை வைத்து, தொட்டும் தொடாமலும் நிறுத்தினேன். கியர்பாக்ஸ் உறை அலுமினியம், பலகை இல்லாமல் இரும்பு ஜாக்கி பட்டால் விரிசல் விடலாம். இந்த வேலைக்கு நாலு சக்கரமும் தரையிலேயே இருக்கலாம், வண்டிக்கு அடியில் படுக்கத் தேவையில்லை. படுக்க வேண்டிய வேலையாக இருந்தால் ஸ்டாண்டு இல்லாமல் தொட்டிருக்க மாட்டேன்.

கியர்பாக்ஸ் பக்கத்து போல்ட்டுகள் சொன்னபடி கேட்டன. பாடி பக்கம் ஒன்று வந்தது. கடைசி ஒன்று மட்டும் அசையவில்லை. டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் பம்பர் வரை நின்றது, வண்டி ஒன்றரை நாள் அதற்குள்ளேயே இருந்தது. அந்தத் துரு இது. ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இழுக்கக் கை துறுதுறுத்தது. அப்பா நாற்காலியிலிருந்தே, “விட்டுடுடா, தலை முறிஞ்சா பாடியை வெட்டணும்” என்றார். உண்மைதான். அந்த போல்ட் போய்ச் சேருவது பாடிக்குள் வெல்டு வைத்த நட்டில். பாதியில் முறிந்தால் உள்ளே இருக்கும் மிச்சத்தைத் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, கழற்றிய போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கி, மூடிவைத்தாயிற்று. இந்த வாரம் பஸ்தான்.

ஜனவரி 10, புதன்

காலையும் மாலையும் ஸ்பிரே நடக்கிறது. இன்று சாயங்காலம் ஓ-ரிங்கை முடித்துவிட்டேன். எடுப்பதற்கு முன் மகளின் நெயில் பாலிஷில் இரண்டு கோடு: டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும் அது உட்காரும் உறைக்கும் சேர்த்து ஒன்று, உள்ளே சுழலும் ரோட்டாரின் முனை பார்க்கும் இடத்தில் ஒன்று. கியர் பல் சாய்வாக இருப்பதால் வெளியே இழுக்கும்போது ரோட்டார் கொஞ்சம் திரும்பிவிடும். திரும்பப் போடும்போது அதே அளவு முன்கூட்டியே திருப்பி வைத்து இறக்கினால் கோட்டுக்கே வந்து நிற்கிறது. பழைய ஓ-ரிங் கையில் எடுத்ததும் அப்பளம் மாதிரி முறிந்தது.

எதிர்வீட்டு அண்ணன் இருபது வருஷம் லேத்தில் நின்றவர். துருப்பிடித்த போல்ட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, எடுத்தவுடனே கழட்டாதீங்க. முதல்ல ஒரு மயிரிழை இறுக்குங்க. அப்புறம் தளர்த்துங்க. திரும்ப இறுக்குங்க” என்றார். மறையில் இருக்கும் துரு இப்படி இரண்டு பக்கமும் அரைபட்டால்தான் உதிருமாம்.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

விடியற்காலைப் புகை அடங்கட்டும் என்று எட்டு மணிக்குத்தான் ஆரம்பித்தேன். அந்த போல்ட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. ரிங் ஸ்பேனரைப் பொருத்தி முதலில் இறுக்கும் பக்கம். ‘கிறீச்’சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், அசைந்துவிட்டது! கால் சுற்றுத் தளர்த்துவது, அரைக்கால் சுற்று இறுக்குவது, ஸ்பிரே. இப்படியே இருபது நிமிஷம். கடைசியில் செம்மண் பூசிய மாதிரி முழுசாக வெளியே வந்தது. தலை முறியவில்லை, மறை போகவில்லை. அப்பா எழுந்து வந்து கையில் வாங்கிப் பார்த்தார்.

பழைய மவுண்டிங்கைப் புதுசின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. பழையதின் நடு இரும்பு இரண்டு நூல் அளவு, அதாவது கால் அங்குலம், கீழே இறங்கியிருக்கிறது. கையால் அழுத்தினால் ரப்பர் ஒரு பக்கம் முழுசாகக் கழன்று, உள்ளே இரும்பு பளபளவென்று தெரிகிறது. ‘டொக்’ சத்தம் அங்கே இரும்பும் இரும்பும் மோதியதுதான்.

அந்த இரண்டு நூலுக்கு ஒரு மணி நேரம் போயிற்று. கியர்பாக்ஸ் இத்தனை நாள் தாழ்ந்தே இருந்ததால் புது மவுண்டிங்கின் துளைகள் நேராக வரவில்லை. ஜாக்கியை மகள் பிடித்துக்கொண்டாள். “ஒரு அழுத்து... நிறுத்து... கொஞ்சம் இறக்கு.” துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் முதலில் பிறை மாதிரி, அப்புறம் அரை வட்டம், அப்புறம் முழு வட்டம். முழு வட்டம் தெரிந்ததும் போல்ட்டை விரலாலேயே நாலு மறை ஏற்றினேன். எல்லா போல்ட்டும் விரலால் ஏறும் வரை எதையும் ஸ்பேனரால் தொடவில்லை. ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் மற்றது கோணலாக ஏறி மறையைத் தின்றுவிடும். எல்லாம் ஏறியதும் ஜாக்கியை இறக்கி, பாரம் ரப்பரில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கம். தூக்கிப் பிடித்தபடியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும்.

எல்லாம் முடிந்தது என்று சாவியை எடுத்தேன். மகள் குனிந்து பார்த்துக்கொண்டே, “அப்பா, இந்த ஜடை மாதிரி வயர் எங்க போகணும்?” என்றாள். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த். பிராக்கெட்டோடு கழற்றியதை மாட்டாமல் விட்டிருக்கிறேன். அதை விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்திருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கரண்ட் திரும்ப வழி தேடிக் கிளட்ச் கேபிள் வழியாகப் போயிருக்கும். அந்தக் கம்பி அவ்வளவு கரண்ட்டைத் தாங்காது, சூடேறி உள் உறை உருகிவிடும். உப்புத்தாள் போட்டு முனையைத் தேய்த்து மாட்டினேன். இன்றைக்குப் பெரிய வேலை செய்தது அவள்தான்.

ஸ்டார்ட் ஆயிற்று. கியர் லீவர் நின்ற இடத்தில் நிற்கிறது.

பழைய மவுண்டிங்கைப் போகித் தீயில் போட்டுவிடலாமா என்று மாமியார் கேட்டார். ரப்பர் எரிந்தால் தெருவே இருமும். அதைத் துடைத்து ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன், யாராவது கிளட்ச் பிளேட் என்று சொன்னால் எடுத்துக் காட்டலாம்.

ஜனவரி 17, புதன், காணும் பொங்கல்

மகாபலிபுரம் பக்கம் கூட்டம் தாங்காது என்று வேடந்தாங்கல் போனோம். அப்பாதான் ஓட்டினார். பரனூர் டோலில் நின்று நின்று நகர்ந்த அரை மணி நேரத்தில் ஒரு உதறல்கூட இல்லை. செங்கல்பட்டு தாண்டி அவர் இடது கையை லீவர் மேல் வைத்தபடியே வெகுதூரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், “ஷோரூம்ல எடுத்த அன்னிக்கு இப்படித்தான்டா இருந்துச்சு” என்றார். ஏரியில் நத்தைகுத்தி நாரைகள் மரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தன.

ஒரு குறை உண்டு. எழுபதுக்கு மேல் போனால் காலடியில் மெல்லிய இரைச்சல். இடது பக்கம் சரியானதும் மற்ற மவுண்டிங்குகளின் வயசு தெரிய ஆரம்பித்திருக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

போல்ட்டுகளைத் திரும்பப் பார்த்தேன். பாடி பக்கத்து ஒன்று மட்டும் ஒரு சின்ன இழுப்பு வாங்கியது, மற்றவை அப்படியே. டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் விரலைத் தடவினால் தூசிதான் ஒட்டுகிறது, எண்ணெய் இல்லை. பின்பக்க மவுண்டிங்கில் ஒரு கீறல் இருக்கிறது, இன்னும் வாய் திறக்கவில்லை. ஜி.பி. ரோட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் மகள்தான் ஸ்பேனர் பிடிப்பாளாம், நான் ஜாக்கி.