'கண்டறியப்படவில்லை' என்று வந்த ரிப்போர்ட்

நிலக்கடலைச் சரக்குக்கு அஃப்ளடாக்சின், அதாவது பூஞ்சை உண்டாக்கும் நச்சு, இருக்கிறதா என்று பார்த்த லேப் ரிப்போர்ட் இருந்தால்தான் எடுப்பேன் என்றார் வாங்குபவர். படிவம், கட்டணம், சாம்பிள் எல்லாம் மளமளவென முடிந்து, சொன்ன தேதியில் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. 'கண்டறியப்படவில்லை.' அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"எந்த அளவு வரைக்கும் கண்டறியப்படலை?"

நியாயமான கேள்விதான். நேரடியாகச் சாப்பிடும் கடலையில் பி1 வகை நச்சுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்சவரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். ஒரு லேபால் 5-க்குக் கீழே அளக்க முடியாது என்றால், உள்ளே 4 இருந்தாலும் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் அச்சாகும். அந்த அளவீட்டு எல்லை தாளில் எங்குமே இல்லை. போதாக்குறைக்கு அஃப்ளடாக்சின் வரியை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி. அடியில் பொடி எழுத்தில், 'இச்சோதனை அங்கீகாரத்துக்கு உட்பட்டதல்ல'!

லேபின் சுவரில் மட்டும், சோதனைக்கூடங்களின் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்த அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் பொருளில் எந்தச் சோதனை என்று பட்டியல் போட்டுத்தான் தருவார்கள். இவர்கள் பட்டியலில் ஈரப்பதமும் புரதமும் கொழுப்பும் இருந்தன. நச்சு இல்லை.

போய்க் கேட்டால் கவுண்டரில், "நீங்க டெஸ்ட்தானே கேட்டீங்க, அங்கீகாரம் வேணும்னு சொல்லலையே" என்று பதில். சரி, அளவீட்டு எல்லையையாவது எழுதிக் கொடுங்கள் என்றேன். கெமிஸ்ட் லீவாம்.

அடுத்த லேபில் பட்டியலைப் பார்த்த பிறகுதான் பேச்சே. முந்தைய இடத்தில் கேட்ட அதே கால் கிலோவை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார்கள். பூஞ்சை சரக்கு முழுக்கச் சீராகப் பரவாது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஏதோ சிலவற்றில்தான் நச்சு குவிந்திருக்கும். ஒரு பிடியில் அது சிக்கலாம், சிக்காமலும் போகலாம். பெரிய சரக்குக்கு ஐரோப்பிய விதி கேட்பது 20 கிலோ. பல மூட்டைகளில் மேலும் நடுவும் அடியுமாக எடுத்து, அத்தனையையும் அரைத்துக் கலந்த பிறகே சோதனைக்கு எடுத்தார்கள். அலைச்சல்தான், ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

புது ரிப்போர்ட்டில் சோதனை முறை, அளவீட்டு எல்லை, அலகு எல்லாம் இருந்தன. நட்சத்திரம் இல்லை. வாங்குபவர் மறுபேச்சுப் பேசவில்லை. பணம் கட்டும் முன்பே இவையெல்லாம் ரிப்போர்ட்டில் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அரைத்த மாவில் மீதியைச் சீல் வைத்து எடுத்து வைக்கவும் சொல்லுங்கள். பின்னால் யாராவது முடிவை மறுத்தால் மறுசோதனைக்கு அதுதான் கைகொடுக்கும்.