பாதுகாப்பான கோடிங்: பயிற்சி நாட்குறிப்பு

ஜூன் 3

எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். பயனர் தட்டச்சு செய்வது தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளையின் (குவெரியின்) பகுதியாகிவிடும் ஓட்டை இது. தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை மட்டும் போட்டு எண்டர் தட்டுங்கள். 500 எரர் வந்தால் சர்வர் லாகைப் பாருங்கள்; பெரும்பாலும் யாரோ பயனர் தந்த எழுத்துச் சரத்தை (ஸ்ட்ரிங்) அப்படியே ஒட்டிக் குவெரி கட்டியிருப்பார்கள். மேற்கோள் குறியை வடிகட்டினால் தீர்ந்துவிடாது. எண் வர வேண்டிய இடத்தில் '1 ஆர் 1=1' (எப்போதும் உண்மையாகும் நிபந்தனை) என்று மேற்கோளே இல்லாமல் உள்ளே வரலாம். ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்தான் சரியான வழி: குவெரியின் அமைப்பு முன்பே முடிவாகிவிடுவதால், பின்னால் வரும் மதிப்பு கட்டளையாக மாற முடியாது.

ஜூன் 4

நேற்றைய பாடத்தில் ஒரு ஓட்டை உண்டு. ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் கேள்விக்குறி போட்டு, அந்த இடத்தில் பிறகு பொருத்துவது (பைண்ட்) மதிப்புகளுக்கு மட்டுமே. டேபிள் பெயர், வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை பக்கத்தில் வரும் நெடுவரிசைப் பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பதெல்லாம் அதில் அடங்காது. மற்ற இடங்களில் ஒழுங்காக எழுதியவர்களும் இங்கேதான் சரத்தை ஒட்டுகிறார்கள். அனுமதித்த பெயர்களை நிரலிலேயே ஒரு மேப்பில் வையுங்கள். பயனர் அனுப்புவது அதில் தேடும் சாவியாக மட்டும் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் இயல்பு வரிசை.

ஜூன் 7

கடவுச்சொல்லை வெறும் ஷா-256 ஹாஷில் (மூலத்தைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றும் முறை) சேமிக்காதீர்கள். அது வேகமாக ஓடுவதற்கென்றே உருவானது. திருடுபோன டேபிளை வைத்து ஊகிப்பவருக்கும் அதே வேகம் கிடைக்கும். கடவுச்சொல்லுக்கென்றே மெதுவாக ஓடும்படி உருவான ஆர்கான்2ஐடி ஹாஷை எடுத்துக்கொள்ளுங்கள். வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் சொல்லும் குறைந்தபட்ச அமைப்புகளில் ஒன்று: 19 மெபிபைட் நினைவகம், 2 சுற்று, 1 இழை.

பழைய சிஸ்டத்தில் பிக்ரிப்ட் என்ற கடவுச்சொல் ஹாஷ்தான் என்றால் 72 பைட் வரம்பைக் கவனியுங்கள். அதற்கு மேல் உள்ளதைப் பல லைப்ரரிகள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். யுடிஎஃப்-8இல் 'க' 3 பைட், 'கு' 6 பைட். அப்படிப்பட்ட 12 எழுத்துகளிலேயே வரம்பு நிறைந்துவிடும், பதின்மூன்றாவது எழுத்து எதுவானாலும் லாகின் ஆகும். நீளத்தை எழுத்தில் அல்ல, பைட்டில் அளந்து, மீறினால் பிழைச்செய்தி கொடுங்கள்.

ஜூன் 8

ஏபிஐ சாவி (ஒரு சேவையை அணுகும் ரகசியக் குறியீடு) கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் ஆகிவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதில் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். முதலில் சாவியை ரத்து செய்யுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது பிறகு.

ஜூன் 11

ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் இருந்து, 2014இல் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டையை வரிவரியாகப் படிக்க வேண்டும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹார்ட்பீட் செய்தியில் வகைக்கு 1 பைட், நீளத்துக்கு 2 பைட், பிறகு தரவு, கடைசியில் குறைந்தது 16 பைட் நிரப்பு. அனுப்பியவர் எழுதிய நீளத்தை ஓபன்எஸ்எஸ்எல் அப்படியே நம்பி மெம்காப்பி (நினைவக நகலெடுப்பு) செய்தது. ஒரு பைட் அனுப்பி 64 கிலோபைட் என்று சொன்னால், பக்கத்து நினைவகமும் பதிலோடு போனது. திருத்தம் மிகச் சிறியது: 1 + 2 + நீளம் + 16, வந்த ரெக்கார்டைவிடப் பெரிதானால் பதில் சொல்லாமல் விட்டுவிடு.

அங்கே நீளம் 2 பைட் என்பதால் அந்தக் கூட்டல் ஆபத்தில்லாதது. உங்கள் நிரலில் முழு அளவு எண்கள் வந்தால் கூட்டலே உச்சவரம்பைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிடும். 'தொடக்கம் + நீளம் > அளவு' என்று எழுதாமல், தொடக்கம் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகு 'நீளம் > அளவு − தொடக்கம்' என்று எழுதுங்கள். வரம்பு மீறிய நினைவகத் தொடுதலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கி, நீளப் புலத்துக்கு 0, 1, 65535 கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.