“பார்க்கிங் இருக்கு சார்”

சென்னையில் எந்த வீட்டு புரோக்கரிடம் கேட்டாலும் “பார்க்கிங் இருக்கு சார்” என்றுதான் பதில் வரும். அந்த ‘இருக்கு’க்கு என்னென்ன பொருள் உண்டு என்று புரிவதற்குள் பதினோரு வீடு பார்த்துவிட்டோம்.

மனைவிக்குத் தரமணியில் வேலை. அதனால் வேளச்சேரி, மடிப்பாக்கம், நங்கநல்லூர் பக்கமே தேடினோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. காரைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு அவரை நடத்திக் கூட்டிவர முடியாது. வண்டி எர்டிகா.

முதல் வீட்டில் பார்க்கிங் என்பது கேட்டுக்கு வெளியே இருக்கும் தெரு. “வேற யாரும் போட மாட்டாங்க, நம்ம இடம்தான்” என்று ஓனர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ வந்து அங்கே நின்றது. அடுத்த வீட்டில் ஸ்டில்ட்டுக்குள், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே விட்டிருக்கும் தரைத்தளத்தில், இடம் இருந்தது. அந்த இடத்தில் ஓனரின் பழைய அம்பாசடர் உறை போர்த்திக்கொண்டு தூங்கியது. வெளிநாட்டிலிருந்து மகன் வந்ததும் எடுத்துவிடுவாராம். மகன் எப்போது வருவார் என்று நாங்கள் கேட்கவில்லை.

மடிப்பாக்கத்தில் ஒரு வீடு எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. நல்ல காற்று, பெரிய சமையலறை. ஆனால் அங்கே ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கார் நிறுத்த வேண்டும். உள்ளே மூன்றாம் மாடிக்காரர் வண்டி, அதை மறித்துக்கொண்டு எங்களுடையது. அவர் விடியற்காலை ஐந்து மணிக்கு டியூட்டிக்குக் கிளம்புகிறவர். “சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுங்க, எல்லாரும் அப்படித்தான்” என்றார்கள். வாட்ச்மேனுக்கு கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

அதற்கப்புறம்தான் அப்பா தன் பழைய இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். எங்கள் வண்டி 4,395 மில்லிமீட்டர் நீளம், 1,735 அகலம். இறங்க வேண்டுமானால் கதவு திறக்க ஒரு பக்கமாவது இரண்டடி வேண்டும். ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று 2019 கட்டட விதிகள் சொல்கின்றன. நாங்கள் பார்த்ததெல்லாம் அதற்கு முன்பு கட்டியவை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே அளந்தால் ஏழடிகூட வராது. அப்பா டேப்பை விரித்ததும் சில ஓனர்களின் முகம் மாறியதை நான் ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

வேளச்சேரியில் ஒரு இடம் அளவுக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் சாலையை விடத் தாழ்வு. சுவரில் மார்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. என்னவென்று கேட்டதற்கு, “மிக்ஜாம் சார்” என்றார் வாட்ச்மேன். 2023 டிசம்பரில் அந்தப் புயலுக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களை நிறுத்தியிருந்த படம் ஞாபகம் வந்தது. பேசாமல் திரும்பிவிட்டோம்.

கடைசியில் அமைந்தது நங்கநல்லூரில், முதல் மாடி. மூலை ஸ்லாட், ஒரு பக்கம் தூணே கிடையாது. ஓனர் ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார். 2017 வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால், மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னேன். அப்படிச் சட்டம் பேசுகிறவர்களுக்கு வீடு தருவதில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். நல்லவேளை, நான்கில் நின்றார். நானும் அதற்கு மேல் இழுக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஸ்லாட் எண்ணை அக்ரிமெண்டில் எழுதச் சொன்னேன். “இதையெல்லாம் யாரும் எழுத மாட்டாங்களே” என்றவர் அப்புறம் எழுதிக் கொடுத்தார்.

நாங்கள் அளந்த அன்று பழைய குடித்தனக்காரரின் கார் அங்கே நின்றிருந்தது. குடிவந்த பிறகுதான் தெரிந்தது, அதன் அடியில் இருந்தது சம்ப் மூடி, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடி. தண்ணீர் லாரி வரும் நாட்களில் காலை ஆறு மணிக்கு வாட்ச்மேன் பெல் அடிக்கிறார். வண்டியை எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டு வந்து காபி குடிக்கிறேன்.