பால் கட்டிக்கொண்டால்: மூன்றாம் நாள் ராத்திரி முதல் மார்பு இளகும் வரை

பிரசவமாகி மூன்றாம் நாள் சாயங்காலம் வரை மார்பு மெத்தென்றுதான் இருக்கும். "பாலே ஊறலையே" என்று வீட்டில் பேச்சு தொடங்கியிருக்கும். அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கண் விழித்தால் இரண்டு பக்கமும் கல். தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நிற்கும், தொட்டால் சுடும், வலி அக்குள் வரை ஓடும். காம்பு தட்டையாகி மார்போடு மார்பாகிவிடும். குழந்தை வாயை வைக்கும், வழுக்கும், அழும். பிரசவ வார்டில் இது தினப்படிக் காட்சி. சிசேரியன் ஆனவர்களுக்குச் சற்றுத் தள்ளி வரலாம். பிரசவ நேரத்தில் டிரிப்ஸ் நிறைய ஏறியிருந்தால் வீக்கம் கூடுதலாகவே இருக்கும்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்பில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. பால் சுரப்புக்கு அது போட்டு வைத்திருந்த தடை நீங்கியதால் 2 முதல் 5 நாளுக்குள் பால் பெருகுகிறது. ஆனால் கட்டியிருப்பது பால் மட்டும் இல்லை. ரத்த ஓட்டம் கூடி, பால் குழாய்களைச் சுற்றியுள்ள திசுவில் நீரும் கோத்துக்கொள்கிறது. அந்த நீர் குழாய்களை வெளியிலிருந்து நெருக்குவதால், உள்ளே பால் இருந்தும் பிதுக்கினால் வராது. வெந்நீர் ஒத்தடமும் அழுத்தித் தேய்ப்பதும் பல வீடுகளில் வலியைக் கூட்டுவதற்கு இதுதான் காரணம். பாலை எடுக்கப் பார்க்கிறார்கள், வீக்கத்தை வளர்த்துவிடுகிறார்கள்.

முதல் வேலை காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தை இளக்குவது. நகத்தை ஒட்ட வெட்டி, கையைக் கழுவிக்கொண்டு, தலையணையில் நன்றாகச் சாய்ந்து படுங்கள். மல்லாந்தால் இன்னும் நல்லது. நீர் பின்பக்கம் வடியும். இரண்டு கைகளிலும் மூன்று மூன்று விரல்நுனிகளைக் காம்பின் அடியை ஒட்டி இரு பக்கமும் வையுங்கள். விலா எலும்பை நோக்கி நேர் உள்ளாக, ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கல்லாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் கூட ஆகும். பிறகு விரல்களை மேலும் கீழுமாக மாற்றி வைத்து இன்னொரு முறை. தேய்க்கவும் வேண்டாம், கிள்ளவும் வேண்டாம். வலித்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். விரலை எடுத்தால் கருவட்டத்தில் குழி தெரியும், உதட்டைத் தொடுவது போல் மிருதுவாக இருக்கும். உடனே குழந்தையைப் போடுங்கள். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் நீர் திரும்பி வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்குப் பிறகும் குழந்தை கவ்வவில்லை என்றால் கையால் கொஞ்சம் பீய்ச்சி எடுக்க வேண்டும். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பின் அடியிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி. முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து, விட வேண்டும். அழுத்து, சேர், விடு. விரல் தோலில் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் பால் வராது, புண்தான் வரும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது. அங்கேயே கைவிட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். சொட்ட ஆரம்பித்ததும் மார்பு கொஞ்சம் தளரும் வரை எடுத்தால் போதும். எடுத்ததைக் கொட்ட வேண்டாம், பாலாடையிலோ சங்கிலோ குழந்தைக்கே புகட்டலாம்.

குழந்தை கவ்வும்போது காம்பு மட்டும் வாய்க்குள் போகக் கூடாது. வாய் அகலத் திறந்து, மோவாய் மார்பில் பதிந்து, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் உள்ளே போயிருக்க வேண்டும். பால் பீறிட்டுக் குழந்தைக்குப் புரையேறினால் அம்மா பின்னால் சாய்ந்துகொண்டால் வேகம் மட்டுப்படும். ஒரு பக்கம் நன்றாகத் தளர்ந்த பிறகே அடுத்த பக்கம். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை, ராத்திரியும் சேர்த்து. "அம்மா தூங்கட்டும்" என்று ராத்திரி முழுக்கப் புட்டிப்பால் கொடுத்துவிட்டு, காலையில் மார்பு வெடிக்கிறது என்று வருகிறவர்கள் நிறைய.

பால் குடித்து முடிந்ததும் குளிர் ஒத்தடம். ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி, அல்லது ஃப்ரிட்ஜில் வைத்த ஈரத்துணியை, காம்பை விட்டுவிட்டு 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். ஒரு மணி நேரம் விட்டு மறுபடியும். பாட்டிமார் இங்கேதான் தடுப்பார்கள், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று. பால் உடம்புச் சூட்டில்தான் வரும், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அவர்களையும் சமாதானப்படுத்த வேண்டுமென்றால் குடிக்க வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான துணி வைத்துக்கொள்ளுங்கள், பால் இறங்க உதவும். அதற்கு மேல் சூடு வேண்டாம். ரத்த ஓட்டம் கூடி வீக்கம் ஏறும், இழுபட்ட தோல் எளிதில் வெந்தும் போகும்.

தடவித்தான் ஆக வேண்டும் என்றால், பூனைக்குட்டியைத் தடவுகிற அளவுக்கு. காம்புப் பக்கமிருந்து அக்குளுக்கும் காறை எலும்புக்கும், தோல் மட்டும் நகரும்படி. நீர் வடிகிற வழி அதுதான். எண்ணெய் ஊற்றிக் காம்பை நோக்கிப் பிசைவது இதற்கு நேர் எதிர்.

பாராசிட்டமால், இபுபுரூஃபென் இரண்டுமே பால் கொடுப்பவர்கள் எடுக்கக்கூடியவை. இபுபுரூஃபென் வீக்கத்தையும் குறைக்கும். சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, பிரசவத்தில் பி.பி. ஏறியது என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது வளைகாப்பிலேயே பரிசாக வந்துவிடுகிறது. வீங்கிய கருவட்டத்தில் நேராகப் பம்பை வைத்து வேகத்தைக் கூட்டினால் நீர்தான் முன்னால் இழுபட்டு வரும், பால் வராது. முதலில் விரலால் இளக்கிவிட்டு, குறைந்த இழுவிசையில், தளரும் வரை மட்டும். முழுக்கக் காலி செய்தால் இவ்வளவு பால் வேண்டும்போல என்று உடம்பு எடுத்துக்கொண்டு நாளைக்கு இன்னும் சுரக்கும். தட்டைக் காம்புக்கு முனை வெட்டிய 10 அல்லது 20 மி.லி. சிரிஞ்சைத் திருப்பிப் போட்டு இழுக்கும் வழி வார்டுகளில் உண்டு. வெட்டிய பக்கமிருந்து பிஸ்டனைச் செருக வேண்டும், வழவழப்பான பக்கம்தான் மார்பில் படலாம். அதையும் வீக்கம் இளகிய பிறகே செய்ய வேண்டும்.

முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்துக் கட்டுவது வலிக்குக் கொஞ்சம் இதம் தரும். குளிர்ச்சிதான் வேலை செய்கிறதா, இலையா என்று நாங்கள் வாதாடப் போவதில்லை. மல்லிகைப்பூ விஷயம் வேறு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டியதைப் பால் நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை மாத்திரைதான் அதிகம் குறைத்தது, ஆனால் பால் கட்டுவதையும் சுரப்பையும் குறைத்ததில் பூ மாத்திரைக்குச் சளைக்கவில்லை. அதனால், பால் கொடுக்க நினைப்பவர் வலி தாங்காமல் பூச்சரத்தை வைத்துக் கட்டினால் பாலும் சேர்ந்து வற்றலாம். குழந்தையை இழந்த தாய்க்கு, அல்லது பாலை நிறுத்தியே ஆக வேண்டியவருக்குத்தான் அது பொருந்தும். அப்போதும் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டாம். தாங்கிப் பிடிக்கும் பிரா, குளிர் ஒத்தடம், வலி அடங்கும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுதல் போதும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் பால் குறையும் என்பதில் உண்மை இல்லை, தொண்டைதான் வறளும்.

அக்குளில் உருண்டையாக எழும்பினால் நெறி கட்டியதாகப் பயப்படுவார்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும் மார்புத் திசுதான் வீங்கியிருக்கும். வடிய வழியில்லாததால் அதைப் பிசைந்து பயன் இல்லை. ஐஸ் வைத்தால் சில நாளில் தானே அடங்கும்.

ஒழுங்காகக் குடிக்க வைத்தால் ஓரிரு நாளில் மார்பு இளகும். குழந்தை ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழித்தால் பால் இறங்குகிறது. ஆனால் 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், ஒரு பக்கத்தில் மட்டும் சிவந்த திட்டு, 24 மணி நேரத்தில் இளகாத கட்டி, சீழ் என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். போகும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள், ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பக்கம் கொடுத்துவிடலாம்.